இடப்பக்கத்து அறையும் ஒரு நிலைக்கண்ணாடியும்

தூத்துக்குடியில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் அன்பர்கள் சென்ற மாதம் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். உல்லாசத்துக்கென்றே கப்பலேறும் குடும்பங்கள் இப்போது பெருகி வருகின்றனவாம். அவர்களுக்குப் பயன்படும் யோசனைகள் சிலவற்றை, பழைய கப்பல் ஊழியன் என்ற முறையில், நான் எழுதித் தர வேண்டுமாம். எழுத உட்கார்ந்தேன். மற்றவையெல்லாம் தடையின்றி வந்தன. 'அறை கேட்கும்போது, எந்தப் பக்கம் கரை வரும் என்று விசாரித்துக் கேளுங்கள்' என்ற ஒரு யோசனையை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அந்த வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் கட்டிலில் படுத்திருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லாமல் அதைக் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சுசீந்திரத்தில் பிறந்தவன். தந்தையார் கோயிலில் பதிகம் பாடும் பணி செய்தவர். எழுத்தறியும் முன்பே பண்ணோடு பாட்டறிந்தேன். அந்தப் பாட்டுகளில் கடல் என்றால் பிறவி. கரை என்றால் இறைவன் திருவடி. மெய்யான கடலில் கால் வைத்தது என் இருபதுகளின் தொடக்கத்தில். தந்தையார் காலமான பின்பு, கொழும்பில் அரிசிக்கடை வைத்திருந்த மாமா என்னைப் பயணிகள் கப்பல் ஒன்றில் அறை ஊழியனாகச் சேர்த்துவிட்டார். பம்பாயில் புறப்பட்டுக் கொழும்பு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்று அதே வழியில் திரும்பும் கப்பல் அது. தட்டுத் துடைத்தது ஓராண்டு, படுக்கை விரித்தது ஓராண்டு, பிறர் எடுத்த வாந்தியை அள்ளியது இரண்டாண்டு. என் பயிற்சியின் வரலாறு அவ்வளவே.

பயிற்றுவித்தவர் மிக்கேல் பட்லர். குளச்சல் கடற்கரையைச் சேர்ந்த கத்தோலிக்கர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அறை ஊழியர் பன்னிரண்டு பேருக்கும் தலைவர். அவர் அதட்டி நான் கேட்டதில்லை. விரித்த படுக்கையின் மேல் புறங்கையை ஒருமுறை ஓட்டுவார். சுருக்கம் தட்டுப்பட்டால் ஒன்றும் சொல்லாமல் விரிப்பை முழுவதும் உருவிப் போட்டுவிட்டு, தாமே முதலிலிருந்து விரிக்கத் தொடங்குவார். பக்கத்தில் நிற்பவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. கதவை இருமுறை தட்டிய பிறகு, மனத்துக்குள் ஒரு மாதா செபம் சொல்லி முடித்துத்தான் திறக்க வேண்டும் என்பது அவர் விதி. நான் செபம் அறியாதவன் என்பதால், "நீ ஒன் பாட்டுல ஒண்ணு சொல்லு மக்கா, நீளப் பாட்டா வேண்டாம், உள்ள இருக்கவன் தீர்ந்து போவான்" என்றார். தேயிலை ஊறுவதற்கு அவருக்கு இரண்டு செபம், எனக்கு ஒரு பாட்டு. இருவர் தேநீரும் ஒரே நிறத்தில் இருக்கும்.

அவரிடம் இன்னொரு குணம் உண்டு. பொய் சொல்லமாட்டார். புயல் வருமா என்று நடுங்கிக் கேட்கும் பயணியிடம்கூட, "வரும். ராத்திரி வரும். காலம்ப போயிரும்" என்பார். ஆறுதலுக்காக ஒரு சொல்லைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. அதனாலேயே அவர் சொல்லைப் பயணிகள் கைப்பிடிக் கம்பியைப் போலப் பற்றிக்கொள்வார்கள்.

யோசனைகளில் பெரும்பாலானவை அவர் வாயிலிருந்து வந்தவைதாம். முதல் நாள் தலை சுற்றினால் அறைக்குள் சுருண்டு படுக்கக் கூடாது. கப்பலின் நடுப்பகுதிக்கு வந்து, கடலும் வானும் கூடும் கோட்டில் கண்ணை நிறுத்த வேண்டும். நம்மவர்கள் வயிறு காலியாக இருந்தால் வாந்தி வராது என்று விரதம் இருப்பார்கள், அது தவறு. பொரியோ வறட்டு ரொட்டியோ கொஞ்சம் தின்று, நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் வைத்துக்கொள்வது நல்லது. பெரிய பெட்டி கப்பலின் அடியறைக்குப் போய்விட்டால் அடுத்த துறைமுகம் வரை அதை மறந்துவிட வேண்டும்; ஆகவே மாற்றுடையும் மருந்தும் கைப்பெட்டியில் இருக்கட்டும். வாசற்படிகள் ஒரு சாண் உயரம். காலைத் தூக்கி வையுங்கள். வட்டச் சன்னலை நீங்களாகத் திறக்காதீர்கள். ஒரே ஓர் அலை போதும், படுக்கை மூன்று நாள் காயாது.

இந்த யோசனைகளோடு நான் என் சொந்தப் பொறுப்பில் ஒன்றைச் சேர்த்துச் செய்துகொண்டிருந்தேன். நம் நாட்டவர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது தண்ணீரை அன்று; "கெழக்கு எது?" என்பதைத்தான். கும்பிடவும் படுக்கவும் அவர்களுக்குத் திசை தெரிய வேண்டும். நான் ஞாயிற்றைப் பார்த்துக் கணக்கிட்டு, காலையும் மாலையும் அறை அறையாகச் சென்று, இப்போது கிழக்கு இன்ன மூலை என்று சொல்லி வருவேன். அதை ஒரு வழிபாடாகவே எண்ணியிருந்தேன். மிக்கேல் பட்லர் எனக்குத் தெசப்பிள்ளை என்று பெயர் வைத்தார்.

"கப்பலுக்குள்ள கெழக்கும் மேக்கும் கெடையாது கேட்டியா. முன்னும் பின்னும், வலமும் இடமும். அவ்வளவாக்கும். கப்பல் திரும்புனா ஒனக்க கெழக்கும் கூடத் திரும்பும். பெறவு எந்தக் கெழக்கக் கும்பிடுவ?"

"இருக்கிற நேரத்துக்கு இருக்கிற கிழக்கு அண்ணாச்சி."

"செரி, செரி. தெசப்பிள்ளைக்குத் தெரியாததா."

என் முப்பதுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம். சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில், பினாங்கில் அய்யாக்குட்டி என்பவர் ஏறினார். மருந்துவாழ்மலை அடிவாரத்து ஊரினர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் கழித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். மனைவி அங்கேயே இறந்துவிட்டாள். ஊரில் ஒரு தங்கை மட்டும். கொழும்பில் இறங்கி, ரயிலும் படகுமாக வீடு சேர்வது அவர் திட்டம். அய்யாவழி நெறியினர்; தங்கள் கோயிலைப் பதி என்பார்கள். காலையில் எழுந்ததும் மடியிலிருந்து உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றை எடுத்து, அதில் முகம் பார்த்து நெற்றியில் வெண்ணாமம் இட்டு, அந்தக் கண்ணாடியையே கும்பிட்டு மடியில் வைத்துக்கொள்வார்.

நான் வியந்து பார்ப்பதைக் கண்டு ஒருநாள் சிரித்தார். "எங்க பதியில கண்ணாடியாக்கும் இருக்கும் தம்பி. சாமிய வெளிய தேடாண்டாம், உள்ள பாருங்கது அது."

மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் நெஞ்சு பலவீனப்பட்டது. கப்பல் டாக்டர் அவரைப் பின்புறத்து நோயாளர் அறைக்கு மாற்றினார். அந்த அறைகளின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். கப்பலின் பின்கோடியில், மேல்தளத்தில், ஒரே சுவரை நடுவில் வைத்து வலப்பக்கம் ஓர் அறை, இடப்பக்கம் ஓர் அறை. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பக்கத்துக் கடலைப் பார்க்க ஒரு வட்டச் சன்னல். கதவுகள் இரண்டும் பின்புறத்துத் திறந்த தளத்தை நோக்கியவை. வலப்பக்கத்து அறையில் கட்டிலின் தலைமாடு கப்பலின் முன்பக்கம். இடப்பக்கத்து அறையில் தலைமாடு பின்பக்கம். கட்டில்கள் தரையோடு திருகாணியால் முடுக்கப்பட்டவை. அழைப்பு மணிக் கயிறு தலைமாட்டில் தொங்கும். அய்யாக்குட்டி அண்ணாச்சிக்குக் கிடைத்தது வலப்பக்கத்து அறை.

கொழும்புத் துறைமுக டாக்டர் வந்து பார்த்தார். காய்ச்சல்காரரைக் கரையிறக்க முடியாது, பம்பாய்க்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். எங்கள் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, பம்பாய் வரை இவர் தாங்குவது ஐயம், தலையை உயர்த்தக்கூட விட வேண்டாம் என்றார்.

செய்தியை நான்தான் சொல்ல நேர்ந்தது. அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"பம்பாய்க்குப் போற வழி நம்ம கன்னியாரியச் சுத்தித்தான தம்பி?"

"ஆமா அண்ணாச்சி. நாளைக்குக் காலம்ப தாண்டும்."

"மலை காணுமா?"

"மேகம் இல்லாட்டா நல்லாக் காணும்."

"அது போதும். எறங்காட்டாலும் ஒருக்கக் கண்டுட்டா போதும். ஒருவேள நான் ஒறங்கிக் கெடந்தா தட்டி எழுப்பும். காட்டித் தருவீரா?"

"காட்டித் தாரேன்" என்றேன். வலப்பக்கத்துச் சன்னல் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. வாக்குக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மாலையில் கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியேறி வடமேற்கே திரும்பியது. வழக்கம்போல் திசை சொல்லச் சென்றேன். "இப்பம் எனக்கத் தல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கணக்கிட்டு, உள்ளபடியே சொன்னேன்: "வடக்கு, கொஞ்சம் மேக்க சாஞ்சு."

அவர் முகம் வாடியது. "வடக்க தல வச்சு ஒரு நாளும் கெடந்ததில்ல தம்பி. இந்த நெலமையிலயா தொடங்கணும்?"

அதைக் கேட்டு எனக்கும் மனம் பொறுக்கவில்லை. அந்த விதியில் வளர்ந்தவனல்லவா நானும்! டாக்டரிடம் ஓடினேன். இடப்பக்கத்து அறையில் தென்மேற்குக் காற்று நன்றாக வருகிறது, அங்கே மாற்றலாமா என்று கேட்டேன். காற்று வந்தது உண்மை, காரணம் அதுவன்று. அவர் தலையசைத்தார். இரண்டு ஆட்களை வைத்து விரிப்போடு தூக்கி, இடப்பக்கத்து அறையில், தலை தெற்கே இருக்கும்படி கிடத்தினேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். திருப்பணி ஒன்று செய்து முடித்தவனைப் போல நான் ஒரு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன். சற்று நேரத்தில் மணல்வாரி அம்மை கண்ட இரண்டு குழந்தைகளைத் தாயோடு கொண்டுவந்து, காலியான வலப்பக்கத்து அறையில் வைத்து, தொற்றுநோய் என்று கதவைச் சாத்தினார்கள்.

நான் கொடுத்த வாக்கை அறிந்திருந்த மிக்கேல் பட்லர் விடிந்ததும் பின்தளத்துக்கு வந்தார். எங்கள் இருவருக்கும் அது ஒரு தனிப்பட்ட காலை. கன்னியாகுமரியைத் தாண்டும்போதெல்லாம் நான் சுசீந்திரத்துக் கோபுரத்தைத் தேடுவேன். தெரிந்ததா, தெரிவதாக நினைத்துக்கொண்டேனா என்பதை இன்றும் அறியேன். அவர் எதையும் தேடுவதாகக் காட்டிக்கொள்ளமாட்டார். ஆனால் குளச்சல் நேராக வரும் நேரத்தில் மட்டும் வலப்பக்கத்துப் பித்தளைக் கைப்பிடிகளுக்கு அவர் கையாலேயே துடைப்புத் தேவைப்படும்.

"லேய் தெசப்பிள்ளே, கன்னியாரி எந்தப் பக்கம் வரும்?" என்றார்.

"வலப்பக்கம்" என்று சொன்னேன். சொன்ன வாய் அப்படியே நின்றது.

"அவரு எந்தப் பக்கம் கெடக்காரு?"

நடந்ததை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மெல்லத்தான் சொன்னார்: "வடக்க தல வேண்டாம்னா தலகாணிய எடுத்துக் கால்மாட்டுல போட்டாத் தீருத காரியம் மக்கா. மனுசனையா மாத்துவ?"

அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. மணிக் கயிறு தலைமாட்டில் இருக்கிறது என்பதற்காகத் தலையணையை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. திசையைக் காப்பாற்றினேன், கரையைத் தொலைத்தேன்.

அறைக்குள் போனோம். கதவு அவர் தலைக்குப் பின்னால். அவர் திரும்பவில்லை, மடிக்கண்ணாடியை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, அதில் எங்களைப் பார்த்து, "ரெண்டு பேராட்டு வாறிய. மலை வந்தாச்சா?" என்றார்.

நான் கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டு உண்மையைச் சொன்னேன். அவர் இடப்பக்கத்துச் சன்னலைப் பார்த்தார். அதில் கரையே இல்லாத நீர். கோபிக்கவில்லை. "இருபத்திரண்டு வருசம் இருந்தாச்சு. இன்னும் ஒரு சொவருதான தம்பி" என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மிக்கேல் பட்லர் அவரைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று வெளியே போனார். டாக்டரிடம் அவர் பேசியதை நான் உடனிருந்து கேட்டேன். நோயாளி அறையை விட்டு வரமாட்டார், தலையை உயர்த்தமாட்டார். முதல் வகுப்புக் கூடத்து நிலைக்கண்ணாடி மட்டும் அரைமணி நேரம் தன் சுவரை விட்டு வரும். அவ்வளவே சொன்னார். டாக்டர் வியப்போடு பார்த்துவிட்டு, உடைந்தால் உம்முடைய பொறுப்பு என்றார். "ஆமா, எனக்கப் பொறுப்பு" என்றார் இவர்.

ஆளுயரக் கண்ணாடி. தச்சர் திருகாணிகளைக் கழற்ற, நான்கு பேர் தூக்கி வந்தோம். பின்தளத்தில், திறந்த கதவுக்கு நேரே அதைச் சாய்கோணமாக நிறுத்தி, வலப்பக்கத்துக் கடல் அதில் விழுமாறு திருப்ப வேண்டும். ஆனால் அதைப் பார்க்க அவர் முகம் கதவை நோக்க வேண்டும். அதாவது, தலையணை கால்மாட்டுக்குப் போக வேண்டும். தலை மறுபடியும் வடக்கே.

நான் சொல்லத் தயங்கி நின்றேன். அவரே புரிந்துகொண்டார். "மாத்திப் போடும் தம்பி. மலையக் காணதுக்கு எந்தத் தெசையானா என்ன?"

என் கைகளாலேயே அவரைச் சுற்றிக் கிடத்தினேன்.

முதலில் கண்ணாடியில் வெறும் வானம்தான் தெரிந்தது. மிக்கேல் பட்லர் வாசற்படியில் குத்தவைத்து, நோயாளியின் கண் மட்டத்துக்குத் தம் தலையைத் தாழ்த்தி, "வலத்த... இன்னும் பைய... நில்லு" என்றார். இப்போது முதுகுகள் தெரிந்தன. கன்னியாகுமரியைப் பார்க்க, தளப் பயணிகள் எல்லாரும் வலப்பக்கக் கம்பியோரம் நெருக்கி நின்றிருந்தார்கள். அவர் எழுந்துபோய் அவர்களிடம் கைகூப்பினார்.

"எல்லாரும் ஒருக்க இருந்து தருவியளா? உள்ள கெடக்கவருக்கு ஊரு இதாக்கும்."

ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. தஞ்சாவூர்க்காரரும் குஜராத்தி வணிகரும் மலாய்க்காரப் பெண்ணும் ஈரத் தளத்தில் அப்படியே உட்கார்ந்தார்கள். அத்தனை தலைகளும் தாழ்ந்ததும், கண்ணாடியில் நீலமாக ஒரு மேடு எழுந்தது. அதன் உச்சியில் மேகம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கீழே பனைகளின் கறுப்புக் கோடு.

"அதா..." என்றார் அய்யாக்குட்டி அண்ணாச்சி. கை தானாகவே நெஞ்சுக்கு வந்து குவிந்தது. நான் அறிந்த பாட்டுகளில் எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறைவனைக் காணாமல் உருகிக் கடைசியில் கண்ட அடியார்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதை அந்த முகத்தில்தான் கண்டேன்.

பிறகு அவர் நெற்றி சுருங்கியது. "தம்பி, கப்பல் திரும்பிப் போவுதே!"

எனக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியில் இடம் வலமாகும், வலம் இடமாகும். வடமேற்கே செல்லும் கப்பலிலிருந்து பார்த்தால் கரை நகரவேண்டிய போக்குக்கு மாறாக, கண்ணாடியில் மலை மறுபக்கமாக நகர்ந்தது. கொழும்பை நோக்கி, இறங்க வேண்டிய இடத்தை நோக்கி, கப்பல் திரும்பிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. "அது வந்து அண்ணாச்சி..." என்று நான் விளக்கத் தொடங்கினேன். மிக்கேல் பட்லரின் செருப்பு என் பாதத்தின் மேல் அழுந்தியது.

"ஆமா அண்ணாச்சி. திரும்பிப் போவுது" என்றார் அவர்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். மலை கண்ணாடியின் விளிம்பைக் கடந்து மறையும் வரை ஒருவரும் எழவில்லை. குளச்சல் நேராக வந்தபோது நாங்கள் கண்ணாடியைச் சுவரில் பூட்டிக்கொண்டிருந்தோம். அன்று பித்தளையைத் துடைக்க அவருக்கு நேரமில்லை. "ஊருக்குப் போனா சாமியார்ட்டப் பாவசங்கீர்த்தனத்துல இதையும் சொல்லணும் மக்கா" என்றார்.

பம்பாயில் அய்யாக்குட்டி அண்ணாச்சியை உயிரோடு இறக்கினோம். ஆஸ்பத்திரி வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அதன்பின் செய்தி இல்லை. நான்கு மாதம் கழித்து எனக்கு விடுப்புக் கிடைத்தது. சுசீந்திரத்தில் கோயிலுக்குப் போய்விட்டு, மறுநாள் மலையடிவாரத்து ஊருக்கு நடந்தேன். என்ன கேட்கப் போகிறோமோ என்று எண்ணிக்கொண்டே போனேன். தங்கையின் வீட்டு முற்றத்தில், மெலிந்து கறுத்த ஒருவர் ஓலைப்பாயில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு, தெசப்பிள்ளையா! வாரும் வாரும். அந்தப் பட்லரு சொன்ன பேருதான் நாக்குல நிக்குது. தலகாணிய நேராப் போட வந்தியளா?"

சிரிப்பும் அழுகையுமாக அவர் அருகில் உட்கார்ந்தேன். மலை எங்கள் முன்னே நின்றது. கண்ணாடியில் இடப்புறம் சரிந்திருந்த அதன் நீண்ட தோள் இங்கே வலப்புறம் சரிந்தது. நெடுநாள் மனத்தில் கிடந்ததை அப்போது சொல்லிவிடத் துணிந்தேன். "அண்ணாச்சி, அன்னைக்குக் கப்பல் திரும்பல்ல. கண்ணாடியில பாத்ததுனால..."

"கண்ணாடியில எல்லாம் மாறித்தான் காணும். பெறந்ததுல இருந்து கண்ணாடியக் கும்பிடுதவன்கிட்டயா அதச் சொல்லித் தாறீரு?"

"அப்ப தெரிஞ்சுதான் கேட்டியளா?"

"கண்ணுக்குக் கண்டத வாயி சொல்லிப்போட்டுது. நீரு வெவரம் சொல்ல வாயெடுத்தீரு பாரும், அப்பம் நெஞ்சு அடச்சுது. அவரு 'போவுது'ன்னாரு. எனக்காச்சுட்டி ஒரு மனுசன் பொய் சொல்லுதாரே, அவரு வாக்கப் பொய்யாக்கக் கூடாதுன்னுதான் பம்பாய் எட்டுத மட்டும் மூச்சப் பிடிச்சுக் கெடந்தேன். திரும்பி வந்துட்டேம்லா. இப்பம் சொல்லும், அது பொய்யா?"

கப்பலுக்குத் திரும்பியதும் மிக்கேல் பட்லரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு படுக்கையை விரித்துக்கொண்டிருந்தார். புறங்கை விரிப்பின் மேல் பாதியில் நின்றது.

"சாமியார்ட்ட அப்பமே சொல்லிட்டேனே மக்கா. மூணு செபம் சொல்லச் சொன்னாரு, சொன்னேன். இனி அந்த மூணையும் திருப்பிக் கேக்க ஒக்குமா?" என்றார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சுருக்கமே இல்லாத விரிப்பை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

அவர் இப்போது இல்லை. கப்பலும் உடைக்கப்பட்டுவிட்டது என்று கேள்வி. பிறவிக் கடலுக்குக் கரை வேண்டுமென்று பாடிய வாய், இப்போது கரையில் இருந்துகொண்டு கடலைக் கேட்கிறது. மாதம் ஒருமுறை பேருந்தில் கன்னியாகுமரிக்குப் போய், அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பாறையோரம் நிற்பேன். கிழக்கேயிருந்து மேற்கு நோக்கி எப்போதாவது ஒரு பயணிகள் கப்பல் சிறு புள்ளியாகக் கடந்து போகும். அதன் இடப்பக்கத்து அறையில் யார் கிடக்கிறார்களோ என்று எண்ணுவேன். கையில் ஒரு சிறிய கண்ணாடி இருந்திருந்தால், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, அது திரும்பி வருவதைப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும்.